ஐஸ் தளத்தில் படித்த இங்கிலீஷ்

அல் ஐனில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் ஒரு விளையாட்டு வளாகத்தில் எனக்கு ஐஸ் பார்க்கும் வேலை. வெளியே வெயில் ஆளை உரித்துக்கொண்டிருக்கும். உள்ளே குல்லாவும் கையுறையும் மாட்டிக்கொண்டு சின்னவர் பெரியவர் எல்லாரும் சறுக்கி விளையாடுவார்கள். அவர்கள் காலுக்கடியில் இருக்கும் தளத்தை உறைய வைப்பது, உறைந்தது இளகாமல் பார்த்துக்கொள்வது, கீறல் விழுந்தால் வண்டியை ஓட்டிப்போய் மேலே வெந்நீர் விட்டு மெழுகுவது, இவைதான் என் டூட்டி. ஐஸை வெந்நீர் விட்டுத்தான் சரிசெய்ய வேண்டும் என்றால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை.

பாலிடெக்னிக்கில் குளிர்பதனம் படித்துவிட்டு, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு துபாய். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கி, கட்டிடம் கட்டிடமாக ஏசி வேலை. அல் ஐன் வேலைக்கு நேர்காணலுக்கு வந்தபோது மேனேஜர் கேட்டார், “ஐஸைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“உடைக்கத் தெரியும் சார்” என்றேன். துறைமுகத்தில் அதுதான் வேலை. அவர் மலையாளி. தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் வேலை கிடைத்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

இங்கிலீஷைப் பற்றி எனக்கு அதுவரை எந்தக் கவலையும் இருந்ததில்லை. பரீட்சை எழுதியது இங்கிலீஷில். இயந்திரங்களோடு வரும் கையேடுகளை எழுத்து விடாமல் படிப்பேன். சோனாப்பூரில் சைட், டூட்டி, லீவ், நோ ப்ராப்ளம் என்ற நான்கையும் வைத்துக்கொண்டு வாழ்க்கை நடந்தது. மிச்சத்துக்கு இந்தி இருந்தது. அதற்கும் மேலே போனால் அரபியில் ‘கலாஸ்’, முடிந்தது என்று கையை உதறிவிட்டால் போதும்.

அல் ஐனுக்கு வந்த பிறகுதான் கனடாக்காரர்களைப் பார்த்தேன். ஆசிரியர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் என்று ஒரு கூட்டம். சனி ஞாயிறானால் சாக்குமூட்டை அளவுக்குப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஐஸ் ஹாக்கி விளையாட வந்துவிடுவார்கள். பெண்கள் அணியின் கோல்கீப்பர் ஒரு பள்ளிக்கூட நூலகர். ஏறக்குறைய என் வயது. கோதுமை விளையும், மேடு பள்ளமே இல்லாத ஒரு மாகாணத்துக்காரர். காலுக்கும் மார்புக்கும் கவசம் கட்டிக்கொண்டு அவர் நடந்து வந்தால் பீரோவைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல் இருக்கும்.

ஒருநாள் அந்தக் கோலத்தோடு என் இயந்திர அறை வாசலுக்கு வந்து நின்றார்.

“ஹாய், ஸாரி, உங்களைத் தொந்தரவு செய்கிறேன். ஐஸ் கொஞ்சம் இளகி இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. பெரிய விஷயம் இல்லை. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்தால் நன்றாக இருக்கும்.”

ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. “ஷ்யூர் மேடம்” என்றேன். பெரிய விஷயம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டாரே. கையில் இருந்த, பால் விடாத சுலைமானி டீயை ஆற அமரக் குடித்தேன். ஃபில்டர் ஒன்று கழுவ வேண்டியிருந்தது, கழுவினேன். நான் தளத்துக்குப் போனபோது அவர்கள் ஆட்டத்தை முடித்து, ஈரமான காலுறைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார்கள். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

“எந்தா இது? கனடா டீம்ல இருந்து கம்ப்ளைன்ட் வந்திருக்கு. சொல்லியும் நீ திரும்பிப் பாக்கலைன்னு.”

“நேரம் கிடைக்கும்போது பாக்கச் சொன்னாங்க சார். பெரிய விஷயம் இல்லைன்னும் சொன்னாங்க.”

“எடோ, அவங்க பாஷையில அதுக்கு இப்பவே ஓடிவான்னு அர்த்தம். இத்தனை வருஷம் கல்ஃப்ல இருந்திட்டு இது தெரியாதா?”

தெரியாது. எந்த அகராதியிலும் அப்படிப் போட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் பக்கத்துக் கடற்கரைக்காரிதான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எங்க வார்டுல ஒரு கனடா டாக்டர் இருக்காரு. ‘எனக்கு லேசா ஒரு யோசனையா இருக்கு’ன்னு அவரு மெதுவாச் சொன்னாருன்னா, நாங்க அத்தன பேரும் ஓடுவோம். அந்த பேஷன்ட் பொழைக்கதே கஷ்டம்னு அர்த்தம். நீங்க டீ குடிச்சிட்டு இருந்திருக்கிய!”

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வார்த்தை தெரிவது வேறு, பாஷை தெரிவது வேறு. மாடிப்படியில் கடைசிப் படி என்று நினைத்து நின்ற இடத்துக்கு மேலே இன்னும் ஒரு மாடி இருந்திருக்கிறது.

எனக்குக் காலை டூட்டி. தளத்தின் ஓரத்தில் ஒரு சின்ன கஃபே, அதன் கல்லாவுக்கு மேலே ஒரு டிவி. கஃபே நடத்தும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் கதவைத் திறந்ததும் விளையாட்டுச் சேனலைப் போட்டுவிடுவார். நமக்குக் காலை என்றால் கனடாவின் மேற்குக் கரையில் முந்தின நாள் ராத்திரி. அங்கே ஹாக்கி ஆட்டம் நேரலையில் ஓடிக்கொண்டிருக்கும். நான் வண்டியைத் தயார் செய்துகொண்டே கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பருப்பைத் தகரத்தில் கொட்டுவதுபோல் ஒரே சத்தம். ஒரு மாதம் போனபோது அதில் இரண்டு குரல் இருப்பது தெரிந்தது. ஒருவர் நடப்பதைச் சொல்கிறார், மூச்சு விடாமல். இன்னொருவர் இடைவெளி கிடைக்கும்போது, ஏன் அப்படி நடந்தது என்று நிதானமாகச் சொல்கிறார். எனக்கு இரண்டாவது ஆளைப் பிடித்துப்போனது. கோல்கீப்பர் ஒருவர் காலுக்கிடையே சுலபமான பந்தை விட்டுவிட்டார். இவர் சொன்னார், “அந்த ஒன்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு ஆசையாக இருக்கும்.” யாரிடமிருந்து, எதை வாங்குவது என்று நான் இரண்டு நாள் குழம்பினேன். பிறகுதான், ‘மடையன் மாதிரி விட்டுட்டான்’ என்பதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

அந்த வார்த்தைகளை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்க்க எனக்கு ஒரு தோதான இடம் இருந்தது. ஐஸ் மெழுகும் வண்டி பெரிய சத்தம் போடும். காலையில் தளத்தில் ஆளே இருக்காது. வண்டியை வட்டமாக ஓட்டிக்கொண்டே நான் உரக்க வர்ணனை செய்வேன். இடதுபக்கமாக வருகிறான், தள்ளுகிறான், தடுத்துவிட்டார்கள், என்ன அற்புதமான தடுப்பு! கஃபேக்காரப் பெண் கண்ணாடி வழியாக என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, நான் ஜெபம் பண்ணிக்கொண்டு வண்டி ஓட்டுவதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. மனைவி வெங்காயம் நறுக்கினால் நான் பக்கத்தில் நின்று வர்ணித்தேன். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்களிடம் தமிழும் கார்ட்டூன் இங்கிலீஷும் கலந்து பேசுவாள். “டாட், ப்ளீஸ். என் ஃப்ரெண்ட்ஸ் வரும்போது மட்டும் இதப் பண்ணாதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டு டிவியில் மனைவிக்குப் பிடித்தது, கனடாவில் பழைய வீட்டை வாங்கி இடித்துப் புதுப்பிக்கும் நிகழ்ச்சி. நான் அதையும் பாடமாக எடுத்துக்கொண்டேன். புருஷனும் பெண்சாதியும் சமையலறைச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று சண்டை போடுவார்கள். ஆனால் சண்டை என்று தெரியவே தெரியாது. ஒருத்தி நீலச் சுவரைப் பார்த்துவிட்டு, “எனக்கு அது பிடிக்காமல் இல்லை” என்றாள்.

“அப்படின்னா பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?” என்று கேட்டேன்.

“பிடிக்கல. ஆனா அவன் மனசு நோகக் கூடாதுன்னு பாக்குதா” என்றாள் மனைவி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நிகழ்ச்சி முடிவதற்குள் சுவர் வெள்ளையாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் நமக்குப் புதுசே இல்லை. எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால், “பரவால்ல” என்பார். பிரமாதம் என்று அர்த்தம். கனடாக்காரர்கள் அதையேதான் ‘நாட் பேட்’ என்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அவர்கள் ‘ஏ?’ என்று ஒரு வால் சேர்க்கிறார்களே, அதைக் கேட்டு எல்லாரும் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமே இருக்கவில்லை. “இன்னைக்கு வெக்கை ஜாஸ்தி, என்னா?” என்று நாங்கள் சொல்வதில்லையா, அந்த ‘என்னா’தான் அது.

மகளோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது. இங்கிலீஷின் கடைசி எழுத்தை நான் ‘இஸட்’ என்பேன். அவள் கார்ட்டூனில் கேட்டபடி ‘ஸீ’ என்பாள், என்னைத் திருத்தவும் செய்வாள். ஒருநாள் தளத்துக்கு வந்தவள் நூலகரிடமே நேராகக் கேட்டாள். அவர், “கனடாவில் நாங்கள் ‘ஸெட்’ என்றுதான் சொல்வோம், ஸாரி” என்றார். என்னை அவர் காப்பாற்றிவிட்டு அவளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கனடாக்காரர்களின் காலை நாம் மிதித்தாலும் ஸாரி சொல்வது அவர்கள்தான்.

அந்த நூலகருக்கும் எனக்கும் இளகிய ஐஸ் விஷயத்தில் மனக்கசப்பு ஒன்றும் தங்கவில்லை. அவர் சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை அவரிடமே சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். “என் புருஷன் கிரேக்கன். அவனும் இதையேதான் சொல்கிறான்” என்றார். அடுத்த வாரம் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்து வைத்தார். பள்ளி நூலகத்தில் கழித்த புத்தகங்கள். நாவல்கள், சிறுகதைகள், படகுப் பயணம் பற்றி ஒன்று, பனிக்கரடி பற்றி ஒன்று.

நாவல்களை இயந்திர அறையில் உட்கார்ந்து படித்தேன். சிறுகதைகள்தான் ஆளைச் சோதித்தன. ஒரு கதையில் அக்காள் தங்கை இருவர். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து வீட்டுப் பாத்திரங்களைப் பங்கு போடுகிறார்கள். பெரிய பீங்கான் தட்டு ஒன்று வருகிறது. “நீயே வைத்துக்கொள்” என்கிறாள் தங்கை. “இல்லை, நீ எடுத்துக்கொள்” என்கிறாள் அக்காள். பிறகு வெளியே பனி பெய்கிறது. கதை முடிந்துவிட்டது. அடுத்த பக்கம் கிழிந்துபோய்விட்டதோ என்று தடவிப் பார்த்தேன்.

மறுவாரம் நூலகரிடம், “இதில் என்னதான் நடந்தது?” என்று கேட்டேன்.

“முதல் தடவை படித்தபோது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன்” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் விளக்கவில்லை. ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டது, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் கதையைத் தமிழில் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

“தங்கச்சிக்குத் தட்டு வேணும். அக்காவுக்கும் வேணும். அவ இவளக் கேக்கட்டும்னு இவ நிக்கா, இவ அவளக் கேக்கட்டும்னு அவ நிக்கா. இனிமே ரெண்டு பேரும் பேச்சுவார்த்த வச்சிக்க மாட்டாளுவ. இது புரியலையா ஒங்களுக்கு?”

திரும்பப் படித்தேன். அப்படித்தான் இருந்தது. அந்தப் பனியும் சும்மா பெய்யவில்லை. அன்றிலிருந்து நான் எந்தக் கதையைப் படித்தாலும் முதலில் அவளுக்குச் சொல்லிவிடுவேன். இங்கிலீஷ் என்னுடையது, அர்த்தம் அவளுடையது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

அக்டோபரில் கனடாக்காரர்களுக்கு நன்றி சொல்லும் பண்டிகை. நூலகர் எங்களை வீட்டுக்கு அழைத்தார். “எதுவும் கொண்டுவர வேண்டாம். நீங்கள் வந்தாலே போதும்” என்றார். நான் இப்போது பழைய ஆள் இல்லையே. எதுவும் கொண்டுவர வேண்டாம் என்றால் ஏதாவது கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம் என முடிவு செய்தேன். மனைவி டூட்டி முடிந்து வந்த களைப்போடு, இருபது பேர் சாப்பிடும்படி ஒரு குண்டான் மட்டன் பிரியாணி செய்தாள். வெள்ளைக்காரர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்ற மாட்டார்கள் என்று சினிமாவில் பார்த்த தைரியத்தில், கட்டைவிரல் இடத்தில் ஓட்டை விழுந்த காலுறையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் ஷூவை மாட்டினேன்.

கதவு திறந்தது. வாசலிலேயே ஷூக்கள் வரிசையாகக் கிடந்தன. கனடாவில் யாருமே வீட்டுக்குள் ஷூ போடமாட்டார்களாம், பனியும் சேறும் உள்ளே வந்துவிடும் என்று. நான் ஒரு காலின்மேல் இன்னொரு காலை வைத்து மறைத்துக்கொண்டு, கொக்கு மாதிரி நின்று எல்லாருக்கும் கைகொடுத்தேன். மகள் என் காலைப் பார்த்துவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

அங்கே வந்திருந்த எல்லாருக்குமே எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது. எல்லாரும் ஒரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். என் கணக்கு சரிதான் என்று மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். வான்கோழியை ஓவனில் சுட்டு நடுவே வைத்திருந்தார்கள். பக்கத்தில் எங்கள் குண்டான். பைலட் ஒருவர் பிரியாணியை ஒரு வாய் அள்ளிப் போட்டார். கண் விரிந்தது. “வாவ்” என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, “இதில் நிறைய சுவை இருக்கிறது” என்றார்.

நான் எழுந்துபோய் ஒரு ஜக் தண்ணீரும் தயிர்க் கிண்ணமும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னை நன்றியோடு பார்த்த பார்வையை மறக்கமுடியாது. இங்கிலீஷில் நான் தேறிவிட்டேன் என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தளத்தில் ஒரு நட்புப் போட்டி வைத்தார்கள். துபாய், அபுதாபி, தோஹாவிலிருந்தெல்லாம் அணிகள் வந்திருந்தன. எல்லா அணிகளும் முந்தின நாளே வந்து தங்கிவிட்டார்கள். ஆட்டத்தை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியவர் துபாயிலிருந்து வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து மூடுபனி. எதிரே நிற்கும் ஒட்டகம்கூடத் தெரியாத பனி. அவர் பாதி வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, பனி விலகினால்தான் வர முடியும் என்று போன் செய்தார். அரங்கத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். நூலகர் கவசத்தோடு என்னிடம் வந்தார்.

“உங்களுக்கு யாரையாவது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, இல்லையா? மைக்கில் கொஞ்சம் பேசக்கூடியவர்கள்? முடியாவிட்டால் பரவாயில்லை. சும்மா கேட்டுப் பார்த்தேன்.”

சுற்றிலும் பார்த்தேன். அங்கே நின்றது நான் மட்டும்தான்.

“என்னையே கேட்கிறீர்கள்” என்றேன்.

“ஸாரி” என்றார். “ஆமாம்.”

ஆளில்லாத அரங்கத்தில் வண்டிச் சத்தத்துக்குள் கத்துவது வேறு, இது வேறு. மேனேஜர் ஓடிவந்து, “எடோ, நீ என்ன பேசப்போற? நம்ம மானத்த வாங்கிடாதே” என்றார். அவர் என்னைவிடப் பயந்திருந்தார், அதைப் பார்த்து என் பயம் கொஞ்சம் குறைந்தது. மனைவி மகளோடு மேலே உட்கார்ந்திருந்தாள். கையை ஆட்டினாள். மகள் முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டாள்.

முதல் சில நிமிஷங்கள் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. குரல் அரங்கத்தின் மறுமூலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. யாரோ என்னைப் போலவே பேசிக் கேலி செய்வதுபோல் இருந்தது. பிறகு பந்து நகர்ந்தது. அவர்கள் அதைப் பக் என்பார்கள், தட்டையான ரப்பர் வில்லை. அது நகர்ந்ததும் என் நாக்கும் நகர்ந்தது. பெயர்களை உச்சரிக்கப் பயந்து ஆட்களை முதுகு எண்ணை வைத்தே சொன்னேன். காலை காலையாகக் கேட்ட முதல் குரல் ஆட்டம் ஓடும்போது தானாக வந்தது. நின்றபோது இரண்டாவது ஆளின் நிதானமும் வந்தது. தோஹா கோல்கீப்பர் சுலபமான ஒன்றை விட்டபோது, அந்த ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு ஆசையாக இருக்கும் என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அதன்பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

கடைசிக் கட்டத்தில் எங்கள் அல் ஐன் அணியில் ஒரு பெண், ஐஸில் விழுந்துகொண்டே, மட்டையின் நுனியால் தட்டிவிட்டு ஒரு கோல் போட்டார். டிவியில்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. நானும் எழுந்துவிட்டேன். கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது மெதுவாக இரண்டே வார்த்தை.

“நாட் பேட்.”

பிறகு அத்தனை கனடாக்காரர்களும் சிரித்த சிரிப்பில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். கோல் போட்ட பெண் என் பக்கம் திரும்பி மட்டையைத் தூக்கிக் காட்டினார். மேனேஜருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வளாகத்து முதலாளி சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

ஆட்டம் முடிந்ததும் செம்பட்டைத் தாடி வைத்த பெரிய ஆள் ஒருவர் நான் மைக்கோடு உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கூண்டைத் தேடி வந்தார். கனடாவின் கிழக்குக் கரைக்காரர், அபுதாபியில் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பவராம். கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“அறிவிப்பு செய்தவர் எங்கே?”

“நான்தான்.”

“சும்மா சொல்லாதே. அந்தப் பேச்சைக் கேட்டு எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்து ஆள் என்றல்லவா நினைத்தேன். அங்கேதான் இப்படி மூச்சுவிடாமல் வார்த்தையை விழுங்கி விழுங்கிப் பேசுவார்கள்.”

“நானும் மீன்பிடித் துறைமுகத்து ஆள்தான். கிழக்குக் கரை.”

“கிழக்குக் கரையா! எந்த ஊர்?”

“தூத்துக்குடி.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “அது எங்கே இருக்கிறது? எங்களுக்கு வடக்கே லாப்ரடார் பக்கமா?”

நான் சொல்லி விளங்க வைத்தபோது அவர் என் முதுகில் அறைந்த அறை இரண்டு நாள் வலித்தது. அப்புறம் கஃபேயில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். அவர் அப்பா படகில் போனவர். படகுக்கு ஐஸ் எப்படி ஏற்றுவோம், பொடித்தா கட்டியாகவா, கரைக்கு வருவதற்குள் எவ்வளவு கரையும் என்றெல்லாம் கேட்டார். நானும் கேட்டேன். துறைமுகத்து ஐஸைப் பற்றி ஐஸ் தளத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசுவேன் என்று நான் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. யோசிக்காமல் பேசினேன் என்பதை வீட்டுக்குப் போகும் வழியில்தான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு போட்டிகளுக்கு மைக் எனக்கு என்று ஆகிவிட்டது. அடுத்த வருஷம் எங்கள் இயந்திரங்களைச் செய்யும் கம்பெனி, கனடாவில் ஒரு பயிற்சி வைத்தது. நிர்வாகம் என்னை அனுப்பியது. “அங்க போய் எல்லார்கிட்டயும் நல்லா பேசிப் பழகு. உனக்குத்தான் அவங்க பாஷை வருமே” என்றார் மேனேஜர். விமானப் பயணம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். ஹோட்டலில் என்ன சொல்வது, அறை தயாராக இல்லையென்றால் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது, எல்லாம்.

டொராண்டோவில் இறங்கினேன். டாக்ஸி ஓட்டியவர் பஞ்சாபி. “ஆவோ பாய் சாப்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். வழி முழுக்க இந்தி. ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பெண். நான் ஒத்திகை பார்த்திருந்த முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன். அவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்கள் தமிழோ?”

யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு ஒரு பக்கம் ஆனந்தம், ஒரு பக்கம் படித்ததெல்லாம் வீணாகிறதே என்று ஏமாற்றம். அவர் தொடர்ந்தார்.

“அறை இன்னும் ரெடியாகேல்லை. உதிலை இருங்கோ. ஆறுதலா ஒரு கோப்பி குடியுங்கோ, பேந்து கூப்பிடுறன்.”

எனக்கு எதற்கு ஆறுதல்? அவ்வளவு களைத்தா தெரிகிறேன்? ‘பேந்து’ யார்? தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலை பயிற்சிக்கு அழைத்துப்போகும் பேருந்துக்காகக் கீழே வந்தேன். அவர் மேசையிலிருந்தே சத்தமாகக் கேட்டார், “என்ன, வெளிக்கிட்டாச்சோ?”

எங்கள் ஊரில் ‘வெளிக்குப் போவது’ என்றால் கக்கூஸுக்குப் போவது. நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒரு பெண் என்னை இப்படிக் கேட்பாரா? நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அவருக்கு என்னவோ புரிந்தது.

“ஆர் யூ ஆல் செட்?” என்றார் இங்கிலீஷில்.

“ஓ! யெஸ், ஆல் செட்” என்றேன். பிறகு நான் என்ன நினைத்தேன் என்பதை, எவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நாசூக்காக, கனடா இங்கிலீஷிலேயே விளக்கினேன். அவர் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தார். ‘உதிலை’ என்றால் அந்தப் பக்கத்தில், ‘ஆறுதலா’ என்றால் அவசரமில்லாமல், ‘பேந்து’ என்றால் பிறகு, ‘வெளிக்கிடுறது’ என்றால் புறப்படுவது என்று அவரும் இங்கிலீஷில் சொல்லித் தந்தார். என் தமிழும் அவருக்குப் பாதி விளங்கவில்லையாம். அங்கே என்பதற்கு ‘அங்கன’ என்று நான் சொன்னதை ஏதோ ஓர் ஊர்ப் பெயர் என்று நினைத்திருக்கிறார். பயிற்சி முடியும்வரை காலையில் இப்படித்தான், தமிழில் ஆரம்பித்து, முட்டிக்கொண்டு, இங்கிலீஷில் போய்த் தீர்த்துக்கொண்டு வருவோம்.

பயிற்சியின் முதல் நாள் ராத்திரி, அல் ஐனில் விடிந்த நேரம், வீடியோவில் மனைவி கேட்டாள், “இங்கிலீஷ்ல ஒண்ணும் கஷ்டம் இல்லையே?”

“இங்கிலீஷ் பரவால்ல” என்றேன். “தமிழ்தான் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கு.”

அவள் அதை நம்பாமல் மகளைக் கூப்பிட்டாள். மகள் திரையில் முகத்தைக் காட்டி, பனி எங்கே, பனியைக் காட்டுங்கள் என்றாள். நான் போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன். வெளியே தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு ஆள் கையில் மண்வெட்டியோடு நடைபாதைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளியதும் மறுபடி விழுந்தது. வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன், முடியவில்லை. இடதுபக்கமாக வருகிறார், தள்ளுகிறார் என்று ஆரம்பித்துவிட்டேன். மகள் போனைக் கட் பண்ணிவிட்டாள்.